யானைக்கால் நோய்க்கு விரைவுப் பரிசோதனை அட்டை: மாதிரி திரட்டுவதிலிருந்து உற்பத்தி உரிமம் வரை

யானைக்கால் நோயை விரல்நுனி இரத்தத்தில் கண்டறியும் ஒரு பரிசோதனை அட்டையை உருவாக்க எங்கள் சிறு குழு முயன்றபோது, ஆய்வகத்தில் எட்டு மாதத்தில் முடிந்த வேலைக்குப் பின்னால் கோப்புகளிலும் களத்திலும் மூன்று ஆண்டுகள் சென்றன. அந்த மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதி, வேலைகளைத் தவறான வரிசையில் தொடங்கியதால் இழந்த காலம். இந்தியாவில் இதே வேலையில் இறங்கும் மாணவர்களும் சிறு நிறுவனத்தாரும் அந்த இழப்பைத் தவிர்க்கலாம் என்பதற்காக, நாங்கள் கற்ற வரிசையை இங்கே எழுதுகிறேன். காலா அசார் போன்ற பிற ஒட்டுண்ணி நோய்களுக்கு அட்டை செய்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும். கட்டணங்களும் படிவ எண்களும் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி தரப்பட்டுள்ளன. விண்ணப்பிக்கும் நாளில் அவ்விதிகளின் இரண்டாம் அட்டவணையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. அட்டை எந்த முடிவுக்கு உதவப் போகிறது என்பதை எழுதி வையுங்கள்

"நோயைக் கண்டறிய" என்று எழுதினால் போதாது. ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கலாமா என்று முடிவெடுப்பது ஒன்று. ஒரு மாவட்டம் முழுவதற்குமான கூட்டு மருந்து வழங்கலை நிறுத்தலாமா என்று முடிவெடுப்பது வேறொன்று. இரண்டாவதற்கு ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து, ஆன்டிஜன் (புழு இரத்தத்தில் வெளிவிடும் பொருள்) உள்ளவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவா என்று பார்க்கிறார்கள். அந்த நிலையில் நோயுள்ளவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள் என்பதால், அட்டையின் தனித்தன்மை, அதாவது நோயில்லாதவரை இல்லை என்றே காட்டும் திறன், உணர்திறனைவிட, அதாவது நோயுள்ளவரை உண்டு என்று காட்டும் திறனைவிட, முக்கியமாகிவிடுகிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 10,000 பேரில் 1 சதவீதம், அதாவது 100 பேருக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்டையின் உணர்திறன் 95 சதவீதம், தனித்தன்மை 98 சதவீதம் என்றால், உண்மையான நேர்முடிவுகள் 95 வரும். பொய்யான நேர்முடிவுகள் 198 வரும். அட்டையில் நேர்முடிவுக்கான கோடு தெரிந்த மூவரில் ஒருவருக்குத்தான் தொற்று இருக்கும். தனித்தன்மை 99.8 சதவீதமாக உயர்ந்தால் பொய் நேர்முடிவுகள் 20 ஆகக் குறைகின்றன. 98 என்ற எண்ணைப் பார்த்து நாங்களும் தொடக்கத்தில் மகிழ்ந்தோம். களத்தில் அந்த 2 சதவீதம் ஒரு மாவட்டத்தின் முடிவையே மாற்றிவிடும் என்பதை இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் உணர்ந்தோம்.

யானைக்கால் நோய்ப் பரிசோதனைகளுக்கு எதிர்பார்க்கப்படும் பண்புகளை உலக சுகாதார அமைப்பு 2021இல் ஆவணமாக வெளியிட்டது. முதல் வாரத்திலேயே அதைப் பதிவிறக்கி, அதன் ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்கள் அட்டையின் இலக்கை எழுதுங்கள். இரத்த அளவு, படிக்க வேண்டிய நிமிடம், தாங்க வேண்டிய வெப்பம், எதிர்பார்க்கும் விலை ஆகியவை அதில் கட்டாயம் இருக்கட்டும். பின்னால் வரும் எல்லா விண்ணப்பங்களிலும் இந்த ஒரே தாளைத்தான் மீண்டும் மீண்டும் இணைப்பீர்கள்.

எந்தப் புழு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். உலக அளவில் பத்தில் ஒன்பது தொற்றுகளுக்குக் காரணம் உச்செரேரியா பான்கிராஃப்டி. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் காணப்படும் புரூஜியா மலாயியை இன்றைய ஆன்டிஜன் அட்டைகள் கண்டறிவதில்லை. அதற்கு ஆன்டிபாடியை, அதாவது புழுவுக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதத்தை, தேடும் வேறு வகை அட்டை வேண்டும். இரண்டையும் ஒரே அட்டையில் அடக்க முயன்று ஓராண்டை இழந்த ஒரு குழுவை அறிவேன். முதல் அட்டைக்கு ஒரு புழு போதும்.

2. ஆன்டிபாடி வாங்கும் முன் இரத்த மாதிரிகளுக்கு வழி தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். பணமும் வேதிப்பொருளும், ஆன்டிஜனைப் பிடிக்க அட்டையில் வைக்கும் ஆன்டிபாடியும் எப்படியாவது கிடைத்துவிடும். நம்பகமான விவரங்களோடு கூடிய நேர்மாதிரிகள், அதாவது தொற்றுள்ளவர்களின் இரத்த மாதிரிகள், கிடைப்பதில்லை. நோய் குறையக் குறைய அவை இன்னும் அரிதாகின்றன. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பல ஆண்டுகள் மருந்து வழங்கப்பட்டுவிட்டதால், இரத்தத்தில் நுண்புழு (முதிர்புழு ஈனும் இளம்புழு) உள்ளவர்களை இங்கே விரல்விட்டு எண்ணலாம். பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசா போன்ற மாநிலங்களில் பணியாற்றும் மருத்துவக் கல்லூரியோடோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனத்தோடோ கைகோக்காமல் இதைச் செய்ய இயலாது. நோய்பரப்பிகளை ஆராயும் அக்கழகத்தின் மையம் புதுச்சேரியில் இருப்பது நமக்கு நல்வாய்ப்பு. முதல் கடிதத்தை அங்கே எழுதலாம்.

எத்தனை மாதிரிகள் வேண்டும்? உணர்திறன் 90 சதவீதம் இருக்கும் என்று எதிர்பார்த்து, அதை 5 சதவீதம் கூடக் குறைய அளவிட வேண்டுமானால், ஏறத்தாழ 139 நேர்மாதிரிகள் தேவை. தனித்தன்மைக்கு மூன்றின் விதி உதவும்: நோயற்ற 300 பேரைப் பரிசோதித்து ஒரு பொய்க் கோடுகூட வராவிட்டாலும், பிழை விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழ் என்று மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும். 99.8 சதவீதம் என்று உரிமை கோர வேண்டுமானால், பிழையே இல்லாமல் 1,500 மாதிரிகள் வேண்டும். நோய் இல்லாத பகுதியின் இரத்த வங்கியோடு முன்கூட்டியே பேசி வைப்பது இதனால்தான்.

இங்கே நான்கு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, இரவு. இந்தியாவில் காணப்படும் வகையில் நுண்புழுக்கள் இரவில்தான் வெளி இரத்தத்துக்கு வருகின்றன என்பதால், தடவுகைக்கான, அதாவது கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான, இரத்தத்தை இரவு 10 மணிக்கும் அதிகாலை 2 மணிக்கும் இடையில் எடுக்க வேண்டும். ஆன்டிஜன் அட்டைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதன் சிறப்பே அதுதான். ஆனால் ஒப்பிடுவதற்கான தடவுகையை எடுக்க நீங்கள் இரவில் போயே ஆக வேண்டும். வாகனம், ஊர்ப் பணியாளர், பெண் உதவியாளர் ஆகியோருக்கான இரவுப் படியைத் திட்ட மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். நாங்கள் காட்டவில்லை, அந்தப் பணத்தைப் பிறகு எந்தத் தலைப்பிலும் எடுக்க முடியவில்லை.

இரண்டாவது, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது. மருந்து உண்டவரின் இரத்தத்தில் நுண்புழு மறைந்த பிறகும், நிணநீர்க் குழாயில் முதிர்புழு உயிரோடு இருக்கும்வரை ஆன்டிஜன் தொடரும். இரவுத் தடவுகையை மட்டுமே உரைகல்லாகக் கொண்டால், உங்கள் அட்டை சரியாகக் காட்டிய கோடுகள் எல்லாம் பொய்க் கோடுகளாகக் கணக்கில் வரும். ஆகவே தடவுகையோடு, ஆன்டிஜனை ஆய்வகத்தில் அளவிடும் ஓஜி4சி3 எலிசா சோதனையையும் சேர்த்து, இரண்டின் அடிப்படையில் யார் நேர், யார் எதிர் என்ற விதியைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். முடிவுகள் வந்த பிறகு அந்த விதியை எழுதினால் எந்த மதிப்பாய்வாளரும் ஏற்கமாட்டார்.

மூன்றாவது, உறைநிலை. பிளாஸ்மாவை உறைய வைக்கலாம். முழு இரத்தத்தை உறைய வைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, அட்டையில் இரத்தம் ஓடும் சவ்வு முழுதும் சிவந்து, கோடு தெரியாது. எனவே முழு இரத்தத்துக்கான மதிப்பீட்டைப் புதிய இரத்தத்தில்தான் செய்ய முடியும். ஆய்வகத்தில் பழக, சேமித்த நேர்ப் பிளாஸ்மாவைக் கழுவிய புதிய சிவப்பணுக்களோடு கலந்து பயன்படுத்தலாம். இரத்த வகை பொருந்துகிறதா என்று பார்த்துக் கலக்க வேண்டும். பொருந்தாவிட்டால் அணுக்கள் திரண்டு ஓட்டம் நின்றுவிடும். இந்தச் சிறு செய்தி தெரியாமல், எங்கள் சவ்வில் குறை என்று நினைத்து ஆறு வாரம் சவ்வையே மாற்றிக்கொண்டிருந்தோம்.

நான்காவது, பிற நோய்கள். அஸ்காரிஸ், கொக்கிப்புழு, ஸ்டிராஞ்சிலாய்ட்ஸ், மலேரியா, காசநோய் உள்ளவர்களின் மாதிரிகளிலும் முடக்குவாதக் காரணி உள்ள மாதிரிகளிலும் அட்டையைச் சோதித்துக் காட்ட வேண்டும். ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் லோவா லோவா புழுவும் பட்டியலில் சேரும். மத்திய ஆப்பிரிக்காவில் இப்போதுள்ள ஆன்டிஜன் அட்டைகளுக்குப் பெரிய இடர் தருவது அதுதான்.

3. நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் படிவங்களும்

நிறுவன நெறிமுறைக் குழுவுக்குச் செல்லும் கோப்பில் ஆய்வுத் திட்டம், தகவல் தாள், ஒப்புதல் படிவம், அவற்றின் மொழிபெயர்ப்புகள், மொழிபெயர்ப்புச் சான்று, ஆய்வாளர்களின் தகுதி விவரம், கூட்டு நிறுவனத்தின் சம்மதக் கடிதம், நிதி விவரம் ஆகியவை இருக்க வேண்டும். களம் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்குள்ள குழுவின் அனுமதியும் தேவைப்படும். இரண்டு குழுக்களும் அடுத்தடுத்த மாதங்களில் கூடினால் ஒன்றின் திருத்தம் மற்றொன்றுக்குத் திரும்பிச் செல்லும். இரு குழுக்களின் கூட்ட நாள்களையும் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரே திட்டப் பதிப்பை இரண்டுக்கும் ஒரே வாரத்தில் அனுப்புங்கள். பதிப்பு எண்ணும் தேதியும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். எங்கள் கோப்பு ஒருமுறை திரும்பி வந்ததற்கு அது இல்லாமையே காரணம்.

குழந்தைகளைச் சேர்ப்பதில் வயதைக் கவனியுங்கள். 2017ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறை வழிகாட்டுதலின்படி, 7 முதல் 12 வயது வரை பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு குழந்தையின் வாய்மொழி இசைவும் வேண்டும். அதற்கு மேல் 18 வரை குழந்தையின் இசைவும் எழுத்தில் வேண்டும். நம் பரிசோதனை ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளில் நடப்பதால் ஒரே வகுப்பறையில் இரு விதிகள் பொருந்துகின்றன.

மீந்த இரத்தத்தைப் பிற்கால ஆய்வுக்குச் சேமிக்கலாமா என்ற கேள்விக்குத் தனிக் கட்டம் ஒன்றைப் படிவத்தில் வையுங்கள். அது இல்லாததால் நாங்கள் திரட்டிய முதல் தொகுதியை இரண்டாம் வடிவ அட்டைக்குப் பயன்படுத்த முடியாமல் போனது. அந்த இரவுகளில் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து விரலை நீட்டிய மனிதர்களின் இரத்தம் அது; அதை வீணாக்கியது இன்றும் என்னை வருத்துகிறது. தொற்று உறுதியானவர்களுக்குச் சிகிச்சை யார், எப்போது தருவார் என்பதையும் பெயர், பொறுப்புடன் திட்டத்தில் எழுதுங்கள்.

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே ஆய்வைப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. வெளிநாட்டு நிதியோ கூட்டோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் தேவை. அதற்குப் பல மாதங்களை ஒதுக்குங்கள். மரபணு மாற்றிய செல்களில் புரதம் தயாரிப்பவர்கள் நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவுக்கும், எலி, முயலில் ஆன்டிபாடி வளர்ப்பவர்கள் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கும் தனியே செல்ல வேண்டும்.

4. ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுத்தல்

யானைக்கால் புழுவின் சுற்றோட்ட ஆன்டிஜனில் ஆன்டிபாடி பற்றிக்கொள்ளும் பகுதி ஒரு சர்க்கரைச் சங்கிலி. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிக்கும் புரதம் அந்தச் சங்கிலியைத் தராது. "ஆன்டிஜனைக் குளோன் செய்துவிடலாம்" என்று திட்டமிடும் மாணவர்கள் இதைத் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும். இன்றைய அட்டைகளுக்கு அடிப்படையான ஏடி12 ஆன்டிபாடி, நாயின் இதயப்புழுவை வைத்து உருவாக்கப்பட்டது. அந்தப் புழுவின் சாற்றிலும் இதே சர்க்கரைப் பகுதி இருப்பதால், மனித மாதிரிகளைச் செலவழிக்காமல் அன்றாட ஆய்வகச் சோதனைக்கு அதை நேர்க் கட்டுப்பாடாக (கோடு வந்தே தீர வேண்டிய ஒப்பீட்டு மாதிரியாக) பயன்படுத்தலாம். கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஒட்டுண்ணியியல் துறையை அணுகுங்கள்.

ஆன்டிபாடியை வாங்கினால், அதை விற்பனைக்கான பொருளில் பயன்படுத்தும் உரிமை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று சீட்டு ஒட்டி வரும் ஆன்டிபாடியில் அட்டையை முழுதாகச் செய்து முடித்த பிறகு உரிமைத்தொகை கேட்கப்பட்டால், உங்களிடம் பேரம் பேசும் வலிமை இருக்காது. அதே தரத்தில் அடுத்த தொகுதியைத் தருவேன் என்ற உறுதியையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.

5. அட்டையைச் செய்தல்

மாதிரி பேட், தங்கத் துகள் பேட், நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு, உறிஞ்சு பேட் ஆகியவற்றை ஒரு பின்னட்டையில் சிறிது ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒட்டி வெட்டுவதுதான் அடிப்படை. ஏறத்தாழ 40 நானோமீட்டர் தங்கத் துகளில் தொடங்குங்கள். சோதனைக் கோட்டுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் ஆன்டிபாடியை எடுத்து, அதிலிருந்து மேலும் கீழும் சென்று கட்டங்கட்டமாகச் சோதியுங்கள். இதைப் பற்றிய பாடங்கள் ஏராளமாகக் கிடைப்பதால் இரண்டு எச்சரிக்கைகளோடு நிறுத்துகிறேன்.

ஒன்று, ஈரப்பதம். ஒட்டுதல், வெட்டுதல், பையில் அடைத்தல் ஆகியவை நடக்கும் அறையில் ஈரப்பதம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சென்னை போன்ற கடலோர ஊரில் சாதாரணக் குளிரூட்டியால் அது முடியாது. ஈரம் நீக்கும் இயந்திரம் தனியாக வேண்டும். அதற்கான மின்கட்டணம் மாதந்தோறும் வரும் செலவு என்பதை மறக்காதீர்கள். இரண்டு, சவ்வின் தொகுதி வேறுபாடு. ஒரே எண்ணுள்ள சவ்வு வேறு தொகுதியில் வந்தால் ஓட்ட வேகம் மாறலாம். குறைந்தது இரண்டு தொகுதிகளில் வடிவமைப்பை உறுதி செய்த பிறகே "முடிந்தது" என்று எழுதுங்கள். இறக்குமதிச் சவ்வு எங்கள் கைக்கு வந்து சேரப் பத்து வாரங்கள் ஆயின.

ஆன்டிஜன் மிக அதிகமாக உள்ள இரத்தத்தில் கோடு மங்குவதுண்டு. நுண்புழு மிகுந்த மாதிரிகளை அப்படியேயும் நீர்த்தும் சோதித்து, அந்த முடிவைக் கோப்பில் சேருங்கள், உரிமம் தரும் அதிகாரி கேட்பார்.

6. சோதனைக்கான உற்பத்தி உரிமம்

அட்டையை விற்காவிட்டாலும், மதிப்பீட்டுக்காகச் செய்யவே உரிமம் தேவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. படிவம் எம்.டி-12இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு இணையவழியில் விண்ணப்பித்தால், எம்.டி-13 என்ற சோதனை உரிமம் கிடைக்கும். கட்டணம் ஒரு கருவிக்கு 500 ரூபாய். விதிகள் சொல்லும் காலம் 30 நாள். உரிமம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். கருவியின் விளக்கம், பயன்பாட்டு நோக்கம், உற்பத்தி முறையின் சுருக்கம், இயந்திரங்கள் மற்றும் பணியாளர்களின் பட்டியல், சோதனைத் திட்டம், உறுதிமொழி ஆகியவற்றை இணைக்க வேண்டும்.

கேட்கும் எண்ணிக்கைக்குக் காரணம் சொல்வதில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்குகின்றன. "5,000 அட்டைகள்" என்று மட்டும் எழுதினால் கேள்வி வரும். நிலைப்புத்தன்மைக்கு இத்தனை, தனித்தன்மைக்கு இத்தனை, பயிற்சிக்கு இத்தனை, வீணாவது இத்தனை என்று கூட்டிக் காட்டுங்கள். இந்த உரிமத்தில் செய்ததை விற்கக் கூடாது. மீந்ததை அழித்து அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இந்த உரிமம் வரும் முன் செய்த அட்டைகளில் கள மதிப்பீடு நடத்தினால், அந்தத் தரவு பிற்கால விண்ணப்பத்தில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

7. நிலைப்புத்தன்மைச் சோதனையைத் தாமதிக்காதீர்கள்

24 மாத ஆயுள் என்று உறையில் அச்சிட, 24 மாதத் தரவு வேண்டும். உயர் வெப்பத்தில் விரைவுபடுத்திய சோதனை தொடக்கக் காலத்துக்கு ஆதரவு தருமே தவிர, நிகழ்கால சோதனைக்கு மாற்றாகாது. எனவே வடிவமைப்பு உறுதியான அன்றே மூன்று தொகுதிகளை எடுத்து 4, 30, 40 டிகிரி செல்சியஸில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு காலக்கட்டத்திலும் வலுவான நேர், பலவீனமான நேர், எதிர் என மூன்று வகை மாதிரிகளில் சோதிக்க வேண்டும். பலவீனமான நேர்மாதிரியில்தான் சிதைவு முதலில் தெரியும். வலுவான மாதிரி கடைசிவரை அழகான கோட்டையே காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பலவீனமான மாதிரியை இரண்டு ஆண்டுகளுக்கும் போதுமான அளவு சிறு குப்பிகளில் பிரித்து உறைய வையுங்கள்.

பீகாரின் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் சுகாதார நிலைய அறையில்தான் உங்கள் பெட்டி இருக்கப் போகிறது. வண்டியில் போகும்போது ஏற்படும் அதிர்வையும் வெப்ப ஏற்ற இறக்கத்தையும் காட்டும் போக்குவரத்துச் சோதனையும் வேண்டும். கரைசல் குப்பியின் மூடி கசிகிறதா என்பதை இதில்தான் கண்டுபிடித்தோம்.

8. கள மதிப்பீடு

உங்கள் குழுவைத் தவிர வேறு யாராவது அட்டையைப் பயன்படுத்திப் பார்ப்பதுதான் உண்மையான மதிப்பீடு. ஆய்வகத்தில் நாங்கள் நுண்குழாயில் அளந்து விட்ட 75 மைக்ரோலிட்டர் இரத்தத்தை, இரவு பதினொரு மணிக்கு அழுகிற குழந்தையின் விரலிலிருந்து எடுக்க ஒரு களப்பணியாளர் படும் பாட்டைப் பார்த்த பிறகு, அட்டைக்குத் தேவையான இரத்த அளவைக் குறைக்க வடிவமைப்பையே மாற்றினோம்.

படிக்கும் நேரம் அடுத்த சிக்கல். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பட்டையைப் பத்து நிமிடத்தில் படிக்க வேண்டும். தாமதமாகப் படித்தால் பொய்க் கோடுகள் தோன்றுகின்றன. உங்கள் அட்டைக்கும் இப்படி ஒரு எல்லை இருக்கும். 5, 10, 15, 20, 30 நிமிடங்களிலும் மறுநாள் காலையிலும் படித்து அந்த எல்லையைக் கண்டுபிடியுங்கள். இரத்தம் விட்ட நேரத்தை அட்டையிலேயே பேனாவால் எழுதும் இடம் விடுங்கள். மங்கலான கோட்டை நேர் என்று கொள்வதா என்பதைப் படத்துடன் அறிவுறுத்தல் தாளில் காட்டுங்கள். கைவிளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேர் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் தனித்தனியே படித்து எழுதட்டும். இருவரின் உடன்பாட்டு விகிதமும் உங்கள் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் கிடைத்த முடிவை விரல்நுனி இரத்தத்துக்கும் பொருந்தும் என்று எழுதிவிடாதீர்கள். இரண்டையும் ஒரே ஆள்களிடம் எடுத்து ஒப்பிட்ட தரவு தனியாக வேண்டும். பயன்படுத்திய ஊசிகளையும் அட்டைகளையும் 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி யார் எடுத்துச் செல்வார் என்பதையும் கள ஒப்பந்தத்திலேயே முடிவு செய்யுங்கள். மாதிரிகளை விமானத்தில் அனுப்பினால் நோய் மாதிரி என்பதைக் காட்டும் யு.என். 3373 குறியுடன் மூன்றடுக்குப் பொதி கட்டாயம். உலர்பனி சேர்த்தால் அதற்கும் தனிச் சீட்டு வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

9. விற்பனைக்கான உற்பத்தி உரிமம்

முதலில் வகுப்பு. ஆய்வகப் பரிசோதனைக் கருவிகள் ஏ, பி, சி, டி என நான்கு வகுப்பாகப் பிரிக்கப்படுகின்றன. ஏ, பி வகுப்புகளுக்கு மாநில அதிகாரியும், சி, டி வகுப்புகளுக்கு மத்திய அமைப்பும் உரிமம் தருகிறார்கள். இரத்தத்தில் தொற்றுக் கிருமியைத் தேடும் கருவி என்பதால் சி வகுப்பை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள்; வெளியிடப்பட்ட வகுப்புப் பட்டியலில் உங்கள் கருவியின் பெயரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சி வகுப்புக்குப் படிவம் எம்.டி-7, கிடைக்கும் உரிமம் எம்.டி-9. கட்டணம் ஓர் உற்பத்தி இடத்துக்கு 50,000 ரூபாயும், ஒவ்வொரு கருவிக்கும் 1,000 ரூபாயும்.

அடுத்து, உங்கள் அட்டை "புதிய" கருவியா என்ற கேள்வி. அதே பொருளைத் தேடும் கருவி இந்தியாவில் ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்தால் அது புதியதல்ல. அப்படி எதுவும் இல்லாதபோது, மதிப்பீட்டுக்கு எம்.டி-24, பிறகு உற்பத்தி அனுமதிக்கு எம்.டி-28 என்று இரண்டு படிகள் கூடுகின்றன. எம்.டி-24க்கு விதிகள் சொல்லும் காலம் 90 நாள். கேள்வி வந்து நீங்கள் பதிலளிக்கும் நாள்கள் அதில் அடங்காது. கேள்வி வந்த நாளே பதில் எழுதத் தொடங்குங்கள்.

கோப்பின் உடல், விதிகளின் நான்காம் அட்டவணை கேட்கும் இரண்டு பெரும் ஆவணங்கள்: உற்பத்தி இடத்தைப் பற்றியது ஒன்று, கருவியைப் பற்றியது ஒன்று. ஐந்தாம் அட்டவணையின் தர மேலாண்மை முறை, மருத்துவக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 13485க்கு மிக நெருக்கமானது. ஒன்றுக்கு எழுதியதை மற்றதற்கும் பயன்படுத்தலாம். மூன்று தொகுதிகளுக்கான செயல்திறன் அறிக்கை, நிலைப்புத்தன்மைத் தரவு, இடர் மதிப்பீடு, உறை மற்றும் அறிவுறுத்தல் தாளின் மாதிரி ஆகியவையும் சேரும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் முதலில் கேட்பது தொகுதிப் பதிவேடும் ஈரப்பதப் பதிவேடும்தான். நாள்தோறும் எழுதப்பட்ட பதிவேட்டுக்கும் ஆய்வுக்கு முந்தைய இரவு எழுதப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரியும்.

சொந்த ஆலை இல்லாதவர்கள், உரிமம் உள்ள மற்றொரு உற்பத்தியாளரின் இடத்தில் செய்யலாம். என் அனுபவத்தில் முதல் பொருளுக்கு இதுவே நல்லது. ஆனால் ஆன்டிபாடியின் மூலமும் தங்கத் துகள் தயாரிப்பு முறையும் யாருக்குச் சொந்தம் என்பதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நாங்கள் நம்பிக்கையின் பேரில் அதைத் தள்ளிப்போட்டோம். பிரிய நேர்ந்தபோது எங்கள் செய்முறைத் தாள்களைத் திரும்பப் பெறவே ஐந்து மாதங்கள் சென்றன.

10. பணமும் வாங்குபவரும்

தொடக்கக் கட்டத்துக்கு, மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் பைராக் தரும் பிக் மானியம் பொருத்தமானது: 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதங்களுக்கு. அந்த 18 மாதங்களில் நெறிமுறைக் குழு அனுமதியும் அடங்கும் என்பதால், அனுமதியை வாங்கிக்கொண்டு மானியத்துக்கு விண்ணப்பிப்பது நல்லது. எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கும் மேல் களப்பணிக்கே போனது. ஆய்வகச் செலவை மட்டும் கணக்கிட்டு விண்ணப்பிக்கிறவர்கள் இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுகிறார்கள்.

வாங்குபவர் கடையில் நிற்கும் வாடிக்கையாளர் அல்ல. தேசிய, மாநில நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டங்களும் பன்னாட்டு அமைப்புகளும்தான் வாங்குகின்றன. அவையும் கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டுகளில் மட்டும் வாங்குகின்றன. ஆகவே ஓராண்டு பெரிய கொள்முதலும் அடுத்த ஆண்டு ஒன்றுமில்லாமலும் போகலாம். அதே உற்பத்தி வரிசையில் செய்யக்கூடிய வேறொரு அட்டையையும் வைத்திருந்தால்தான் ஆள்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியும். அரசின் ஜெம் இணையச் சந்தையில் பதிவு செய்யுங்கள். புதுத் தொழில் சான்று இருந்தால் முன்னனுபவம், விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளில் பல ஒப்பந்தங்களில் தளர்வு உண்டு. பன்னாட்டுக் கொள்முதலுக்கு உலக சுகாதார அமைப்பு நடத்தும் வல்லுநர் மறுஆய்வுக் குழுவின் கருத்து உதவும். அது குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும் என்பதால், கொள்முதல் அறிவிப்பு வரும் காலத்தை அறிந்து விண்ணப்பிக்க வேண்டும்.

11. உரிமம் கிடைத்த பிறகு

உரிமம் காலவரையின்றிச் செல்லும். ஆனால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் செலுத்தத் தவறினால் இழக்க நேரிடும். சவ்வின் நிறுவனத்தை மாற்றுவது, கரைசலின் சேர்மத்தை மாற்றுவது போன்றவை ஆறாம் அட்டவணையின்படி அறிவிக்க வேண்டிய அல்லது அனுமதி பெற வேண்டிய மாற்றங்கள். விலை குறைந்த பேட் கிடைத்தது என்று சொல்லாமல் மாற்றிவிடக் கூடாது.

விற்ற ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில பெட்டிகளை அதன் ஆயுள் முடியும்வரை உங்களிடமே வைத்திருங்கள். களத்திலிருந்து "கோடு வரவில்லை" என்று தொலைபேசி வரும்போது, அதே தொகுதியை அன்றே எடுத்து அந்தப் பலவீனமான நேர்மாதிரியில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அந்தக் குப்பிகளில் கடைசி பத்து மிஞ்சும்போதே அடுத்த இரவுப் பயணத்துக்கான நெறிமுறைக் குழு விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும்.